90 அடி ஓட்டம்

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு பேஸ்பாலில் முதலில் பிடிபடாதது ஓட்டம்தான். கிரிக்கெட்டில் பந்தை அடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கலாம். பேஸ்பாலில் பந்து கோட்டுக்குள் விழுந்துவிட்டால் ஓடியே தீரவேண்டும். சதுரத்தின் நான்கு மூலைகள்; மூலைக்கு மூலை 90 அடி. முழுச் சுற்று வந்தால்தான் ஒரு ரன்.

வெறும் 90 அடியில் இத்தனை சங்கதியா என்று எனக்கு வியப்பாகவே இருந்தது. முதல் பேஸை மிதித்துவிட்டு நேரே தாண்டி ஓடலாம். எனவே அங்கே வேகத்தைக் குறைப்பது வீண். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அந்தச் சலுகை கிடையாது. பேஸை விட்டு விலகியவர்மேல் பந்துள்ள கை பட்டால் அவுட். அதனால்தான் சறுக்கி விழுகிறார்கள். ஒரே அடியில் இரண்டாவது பேஸ்வரை போக எண்ணினால் பாதையே வேறு. முதல் பேஸுக்குச் சற்று முன்பே வலப்புறம் விலகி, வளைந்து வந்து, பேஸின் உள்மூலையை மிதித்துத் திரும்பவேண்டும். முனையில் சைக்கிளை அகலமாகத் திருப்புகிறோமே, அதே கணக்குதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 'திருட்டு'. பிட்சர் எறியத் தொடங்கும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதற்குத்தான் இந்தப் பெயர். பந்து கேட்சரிடம் போய் அங்கிருந்து இரண்டாவது பேஸுக்கு வர மூன்றேகால் நொடி, மிஞ்சினால் மூன்றரை. ஓடுபவருக்கும் ஏறக்குறைய அவ்வளவே பிடிக்கும். எனவே சில அடி முன்னதாகவே நகர்ந்து நிற்பார். அதிகம் நகர்ந்தால் பிட்சர் முதல் பேஸுக்கே எறிந்து பிடித்துவிடுவார். வலக்கைப் பிட்சரானால் அவர் குதிகாலைக் கவனிக்கவேண்டும். இடது குதிகால் முதலில் எழும்பினால் பந்து மட்டைக்காரருக்கு. வலது எழும்பினால் நமக்கு!

வேகம் ஒன்றே போதும் என்று எண்ணினார் ஓக்லண்ட் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி. 1974இல் ஹெர்ப் வாஷிங்டன் என்ற ஓட்டப்பந்தய வீரரை ஓடுவதற்கென்றே சேர்த்தார். அவர் ஒருமுறைகூட மட்டை பிடிக்காமல் 105 ஆட்டங்கள் ஆடி 31 பேஸ்களைத் திருடினார். ஆனால் 17 முறை பிடிபட்டார். அவ்வாண்டு உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், மைக் மார்ஷல் சட்டென்று திரும்பி எறிய, முதல் பேஸ் அருகிலேயே அகப்பட்டார். ஓக்லண்ட் 3-2 என்று தோற்றது.

2004 அக்டோபர் 17 அன்று பாஸ்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. நியூயார்க் தொடரில் 3-0 முன்னிலை, ஆட்டத்திலும் 4-3. ஒன்பதாவது இன்னிங்ஸில் பாஸ்டன் டேவ் ராபர்ட்ஸை ஓட அனுப்பியது. 1962இல் 104 பேஸ்களைத் திருடிய மாரி வில்ஸிடம் பாடம் கேட்டவர் அவர். திருடத்தான் வந்திருக்கிறார் என்பது அரங்கம் முழுவதும் தெரியும். பிட்சர் மரியானோ ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து பார்த்தார். அந்த மூன்று எறிகளே தன் பதற்றத்தைத் தணித்தன என்று ராபர்ட்ஸ் பின்னர் சொன்னார். அடுத்த பந்திலேயே ஓடினார், மயிரிழையில் தப்பினார். பில் முல்லர் அடித்த அடியில் ரன் வந்து ஆட்டம் சமமானது. பாஸ்டன் அந்த ஆட்டத்தையும் தொடரையும் வென்று, 1918க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடரையும் கைப்பற்றியது.

2023 முதல் விதி மாறிவிட்டது. பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆயிற்று. பிட்சர் ஒரு மட்டைக்காரருக்கு இரண்டு முறைதான் அப்படி எறிந்து பார்க்கலாம். மூன்றாவதில் பிடிக்கத் தவறினால் ஓடுபவருக்கு அடுத்த பேஸ் இனாம். 2022இல் 2,486 ஆக இருந்த திருட்டுகள் 2023இல் 3,503 ஆயின.