550 என்ற எண்ணை நம்பலாமா?

ஒரகடம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள்தாம், அல்லவா? வண்டிகளைச் செய்யும் ஆலைகள் மட்டுமல்ல, அவற்றைச் சோதிக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரும் அங்கே இருக்கிறது. அங்கே வண்டியைச் சோதனைப் பாதைகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள், மோதவிட்டும் பார்க்கிறார்கள். விளம்பரத்தில் அச்சிட்ட எண் அங்கே செல்லாது. அதே முறையில் ஒரு கணினிப் பொருளை நாமும் சோதிப்போமா?

உங்கள் வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. அதற்கு உயிரூட்ட, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 240 கிகாபைட் கொண்ட மலிவான எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள். பெட்டியின்மேல் ‘நொடிக்கு 550 மெகாபைட்’ என்று அச்சிட்டிருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா?

முதலில் ஹார்ட் டிஸ்க் ஏன் மெதுவானது என்று பார்ப்போம். அதன் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய இடம் முனைக்கு நேரே வர, சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை, ஏறத்தாழ 0.1 மில்லி நொடியில் தகவல் கிடைத்துவிடும். கணினி இயங்கத் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. ஆகவே மிக மலிவான எஸ்.எஸ்.டி.கூடக் கணினியை விரைவுபடுத்தும். அதற்குக் காரணம் 550 அன்று, காத்திருப்பு நீங்கியதுதான்!

சாட்டா இணைப்பு நொடிக்குச் சுமார் 600 மெகாபைட்டுக்கு மேல் அனுப்பாது. எனவே இவ்வகை எஸ்.எஸ்.டி.கள் பலவற்றிலும் ஏறத்தாழ இதே எண்தான் இருக்கும். பிறகு எதில் வேறுபாடு?

எஸ்.எஸ்.டி.யின் உயிர் நாண்ட் ஃபிளாஷ் சில்லு. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோகா 1987இல் இதை உலகுக்கு அறிவித்தார். இதன் ஒவ்வொரு நுண்ணறையிலும் எலக்ட்ரான்கள் அடைபட்டுக் கிடக்கும். அறையை ஒரு தம்ளராக எண்ணிக்கொள்ளுங்கள். காலி அல்லது நிறைவு என்றால் ஒரு பிட். மூன்று பிட் வேண்டுமானால் 8 மட்டங்களையும், நான்கு பிட் வேண்டுமானால் 16 மட்டங்களையும் பிரித்தறிய வேண்டும். மட்டங்கள் கூடக்கூட விலை குறையும். ஆனால் அளந்து ஊற்ற நேரமாகும், அறையும் விரைவில் தேயும்.

இந்தத் தாமதத்தை மறைக்க ஓர் உபாயம் உண்டு. ஒரகடம் ஆலைக்கு வரும் லாரிகள் சரக்கை முதலில் முற்றத்தில் இறக்கிவிடுகின்றன. பிறகு அது மெல்லக் கிடங்குக்குள் போகிறது. முற்றம் நிறைந்துவிட்டால்? லாரிகள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். எஸ்.எஸ்.டி.யும் ஒரு பகுதியை, அறைக்கு ஒரு பிட் வீதம் வேகமாக எழுதும் முற்றமாக வைத்திருக்கிறது. அது நிறைந்ததும் வேகம் சரிகிறது. மலிவான சிலவற்றில் நொடிக்கு 100 மெகாபைட்டுக்கும் கீழே இறங்கி, நல்ல ஹார்ட் டிஸ்கிடமே தோற்றுவிடும்!

இதை நீங்களே சோதிக்கலாம். எஸ்.எஸ்.டி.யைப் பாதிக்குமேல் நிரப்புங்கள். பிறகு அதிலுள்ள 30 கிகாபைட் அளவுள்ள கோப்பு ஒன்றை அதிலேயே இன்னொரு பிரதி எடுங்கள். திரையில் தெரியும் வேகத்தை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, வரைபடத்தாளில் வரையுங்கள். கோடு சட்டென்று விழும் இடம்தான் முற்றம் நிறைந்த இடம்.

கணினி 240க்குப் பதிலாக 223 என்று காட்டினால் பதறாதீர்கள். தயாரிப்பாளர் கிகாபைட்டை 100 கோடி பைட்டாகவும், கணினி 107 கோடிக்குச் சற்று மேலாகவும் கணக்கிடுவதே காரணம்.

ஆயுள் எவ்வளவு? மொத்தம் 80 டெராபைட் எழுதலாம் என்று உறுதியளித்தால், நாளுக்கு 20 கிகாபைட் வீதம் 4000 நாள். சுமார் 11 ஆண்டு. வீட்டுக்கு அது போதும். ஆனால் எஸ்.எஸ்.டி.யின் கட்டுப்பாட்டுச் சில்லு முன்னறிவிப்பின்றிப் பழுதானால் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். ஆகவே மலிவானதை வாங்குங்கள், தவறில்லை. உங்கள் பாடக் குறிப்புகளுக்கும் குடும்பப் படங்களுக்கும் பழைய ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி இருக்கட்டும்.