இருட்டில் மின்னும் பட்டை!

இரவு நேரம். குமணன்சாவடியில் இருந்து பூந்தமல்லிக்கு ஒரு லாரி போகிறது. முன்னால் ஒருவர் சைக்கிளில் செல்கிறார். விளக்கு இல்லை. ஆனால், மட்கார்டில் ஒட்டிய பட்டை "பளிச்" என்று மின்னுகிறது. டிரைவர் பிரேக் போடுகிறார். ஓர் உயிர் பிழைக்கிறது!

அந்தப் பட்டையில் பல்பு கிடையாது. பேட்டரியும் கிடையாது. பிறகு எப்படி மின்னுகிறது?

கண்ணாடி மணிகள்

இத்தகைய பட்டைகள் பலவற்றில், மணலைவிடப் பொடியான கண்ணாடி மணிகள் பதிக்கப்பட்டு இருக்கின்றன. லாரி வெளிச்சம் மணிக்குள் நுழைகிறது. வளைந்து, பின்பக்கம் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. அதனால் டிரைவரின் கண்ணுக்குத் தெரிகிறது.

பூனைக்கண்

பூனையின் கண் இருட்டில் மின்னுவதும் இப்படித்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்சி ஷா, ரோட்டில் பதிக்கும் "பூனைக்கண்"ணுக்கு 1934-ம் ஆண்டு காப்புரிமை பெற்றார். சக்கரம் ஏறினால், அது ரப்பரில் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும்!

அமெரிக்காவில் "த்ரீ எம்" கம்பெனி, மணிப் பட்டையை முதலில் ரோட்டில் ஒட்டிப் பார்த்தது. பட்டை பெயர்ந்து விட்டது. ஆனாலும் விடவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. 1939-ல் மினியாபொலிஸ் நகரின் எல்லையில் முதல் பலகை நின்றது.

துடையுங்கள்!

பட்டையில் சேறு படிந்தால் வெளிச்சம் திரும்பாது. உங்கள் வீட்டு சைக்கிளை இன்றே பாருங்கள். பட்டை இருந்தால் ஈரத் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால், பின்னால் சிவப்புப் பட்டை ஒட்டுங்கள். விளக்கையும் மறக்காதீர்கள்!