ஒரு போட்டோ, எத்தனை காப்பி?

ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஏதாவதொரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்திருப்பீர்கள். வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க சார்", பளிச்! சற்று நேரத்தில் எட்டுக் காப்பி கவருக்குள். நமக்குத் தெரிவது அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அந்தப் பக்கம் நடப்பதோ தனிக் கூத்து! வாருங்கள், எட்டிப் பார்ப்போம்.

இப்போதெல்லாம் பலர் கடைக்கே வருவதில்லை. வீட்டுச் சுவரோரம் நின்று செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். "போட்டோவா அனுப்பாதீங்க, கிளாரிட்டி போயிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்பார் கடைக்காரர். அச்சுக்கு அது நல்ல யோசனை. ஆனால் படக் கோப்புக்குள் எக்ஸிஃப் என்றொரு குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த போன், எந்த நாள், எத்தனை மணி என்று எல்லாம் அதில் இருக்கும். கேமராவுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால் எடுத்த இடமும் இருக்கும். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் இதைக் கழற்றிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். ஸ்ரீரங்கம் என்றால் 10.86, 78.69 என்று தொடங்கும் எண்கள். அடுத்தடுத்த தசமங்கள் தெருவையும் வீட்டையும் நெருங்கிவிடும். அனுப்பியது முகம், கூடவே போனது விலாசம்!

இனிதான் குட்டி போடும் படலம். வாட்ஸ்அப்பில் ஒன்று, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒன்று, 35க்கு 45 மில்லிமீட்டராக வெட்டிய ஒன்று, எட்டு முகம் அடுக்கிய பிரிண்ட் ஷீட் ஒன்று. "டிஎன்பிஎஸ்சிக்கும் வேணும்ணே" என்று ஒரு தம்பி கேட்டால் 20 முதல் 50 கேபிக்குள் சுருக்கிய இன்னொன்று, 10 முதல் 20 கேபியில் கையெழுத்து வேறு. திருச்சியில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கொஞ்சமா! கம்ப்யூட்டரில் கிடக்கும் முகங்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஆன்லைன் போட்டோ சேவைகளில் இதே வேலையை இயந்திரம் செய்கிறது. இரண்டு கண்களையும் கண்டுபிடித்துத் தலையை நேராக்கி, முடியோரம் பின்னணியை நறுக்கி வெள்ளையாக்கும் அழகை நாளெல்லாம் பார்க்கலாம்! அங்கும் அசல் கோப்பு, திருத்திய கோப்பு, பேக்கப் என்று பெருகும். எத்தனை மணி நேரத்தில் அழிப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிற சேவையையே நான் நம்புவேன். பணம் கட்டும் இடம் பரவாயில்லை: ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர் உங்கள் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது, அதற்குப் பதில் ஒரு டோக்கன்தான். முகத்துக்கு அப்படி மாற்று எண் கிடையாதே!

ஆதாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இ-ஆதார் கோப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். பிரிண்ட் எடுக்கக் கொடுத்தால் கடையில் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 12 இலக்கத்தில் கடைசி நான்கை மட்டும் காட்டும் மாஸ்க்டு ஆதார் இருக்கிறது. அது போதுமான இடங்களில் அதையே கொடுங்கள்.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? சிங்கப்பூர் போகப் பாஸ்போர்ட் எடுக்கிறவர் ஸ்டூடியோவில் படம் பிடித்துக்கொண்டு பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போனால், அது பையிலேயே இருக்கும்! முதல் கவுன்ட்டரில், ஏ கவுன்ட்டரில், டிசிஎஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ஊழியர்களே படமும் கைரேகையும் எடுத்துவிடுவார்கள். பி, சி கவுன்ட்டர்களில் இருப்பவர்கள் அரசு அதிகாரிகள். வீட்டிலிருந்து படம் கொண்டுபோக வேண்டியது நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான்.

சரி, கடையில் கிடக்கும் காப்பிகள்? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அதன் பிறகு, எதற்காக விவரம் வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தமிழில் கேட்டாலும் தர வேண்டும். வேலை முடிந்தால் அழிக்க வேண்டும். பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஆனால் நம் ஆட்கள் கடைக்கு வந்து என்ன கேட்கிறார்கள்? "போன வருஷம் எடுத்தது இருக்கா? இன்னும் நாலு காப்பி போடுங்க!" அது இருந்தால் சந்தோஷம், இல்லையென்றால் கோபம். அதனால் பில் போடும்போதே கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்: "வச்சிருக்கவா, அழிச்சிடவா?"