பாய்ப்பலகை விளையாட்டின் முதற் செலவு

நீண்ட பலகையொன்றின் மீது நின்று, அதில் பொருத்திய பாயைக் கையாற் பிடித்து, காற்றின் விசையால் கடலில் விரைவதே பாய்ப்பலகை விளையாட்டாகும். நம் பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி போன்ற கடற்கரைகள் இதற்கு ஏற்றவை.

இது செல்வர்க்கே உரியதெனப் பலர் எண்ணுவர். பலகை, பாய்மரம், பாய் யாவற்றையும் புதிதாக வாங்கினால், ஒரு தொழிலாளியின் பல மாத ஊதியம் கரைந்துவிடும் என்பது மெய்யே.

ஆயினும், இதன் வரலாற்றை நோக்குங்கள். 1958ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில், பீட்டர் சில்வர்ஸ் என்னும் 12 வயதுச் சிறுவன், ஒட்டுப்பலகை, கூடாரத் துணி, ஒரு கழி, திரைச்சீலை வளையங்கள் ஆகியவற்றைக் கொண்டே இத்தகைய பலகையைச் செய்து ஓட்டினான். 1968இல் அமெரிக்கர் இருவர் இதற்குக் காப்புரிமை கோரினர். சிறுவன் முன்னரே செய்துவிட்டமையால், அவ்வுரிமை தம் நாட்டில் செல்லாதென இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1984இல் இவ்விளையாட்டு ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

எனவே, தொடங்குவோர் பலகை வாங்க விரைதல் வேண்டா. முதலில் நீச்சல் பயிலுக; அதற்குச் செலவு சிறிது. அடுத்து, பயிற்றுநரிடம் வாடகைப் பலகையில் பழகுக. ஆர்வம் நிலைத்தபின், நால்வர் கூடிப் பழைய பலகையொன்றை வாங்கலாம். மிதவை அங்கியை மட்டும் நல்லதாக வாங்குக. அதிற் சிக்கனம் கூடாது. கருமேகம் திரண்டால் உடனே கரையேறுக.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு முதலில் நீச்சல் கற்பியுங்கள். பலகை பின்னர் வரட்டும்.