ஆடு கத்துகிறதே, கேட்கிறதா?



தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கீழ்ப்படிதல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. என் தகப்பனார் காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குப் பிந்திப் போனால் அன்றைய கூலி போயிற்று. அந்தக் கீழ்ப்படிதலுக்கு வேர் பயம். கடவுள் கேட்கும் கீழ்ப்படிதலும் அப்படிப்பட்டதுதானா?

இயேசு பெருமான் ஓர் உவமை சொன்னார். திராட்சத் தோட்டத்து வேலைக்குப் போகும்படி ஒரு தகப்பன் தன் இரு மகன்களிடமும் சொன்னான். ஒருவன் மறுத்தான், பிறகு மனம் மாறிப் போனான். மற்றவன் மரியாதையாகச் சம்மதித்தான், ஆனால் போகவில்லை. தகப்பன் சொன்னதைச் செய்தவன் எவன்? மத்தேயு 21-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள்.

சவுல் ராஜாவின் கதை இன்னும் கூர்மையானது. அமலேக்கியரிடமிருந்து எதையும் தப்ப விடக்கூடாது என்பது கட்டளை. சவுலோ கொழுத்த ஆடுமாடுகளை ஓட்டி வந்துவிட்டார். வந்ததும், கட்டளையை நிறைவேற்றிவிட்டதாகச் சாமுவேலிடம் பெருமையும் பேசினார். அப்படியானால் இந்த ஆடுகளின் சத்தம் ஏது என்று கேட்டார் தீர்க்கதரிசி. எல்லாம் கர்த்தருக்குப் பலியிடத்தான் என்று சமாளித்தார் சவுல். பலியைவிடக் கீழ்ப்படிதலே மேல் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். ராஜ்யம் கைவிட்டுப் போயிற்று.

ஞாயிறு பள்ளியில் இக்கதையைப் பலமுறை சொன்னவள் நான். ஆனால் அம்மாவின் நகை விஷயமாக அண்ணனோடு ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்தேன். அதே ஆறு ஆண்டுகளில் ஆலயக் கூரைக்குத் தாராளமாகக் காணிக்கையும் கொடுத்தேன்! காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற இயேசுவின் போதனையை ஒருநாள் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அண்ணன் வீடு தூரமா இருந்தா?" என்று கேட்டாள்.

என் அண்ணன் வீடு பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான்.

அந்த வாரமே போனேன். நகை விவகாரம் இன்றும் தீரவில்லை. ஆனால் அண்ணி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். அண்ணன் பஸ் நிற்குமிடம் வரை கூடவே வந்தார்.

கீழ்ப்படிந்தால் நன்மை வரும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடெல், 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதில் ஓட மறுத்தார். 400 மீட்டரில் ஓடி, 47.6 விநாடியில் தங்கம் வென்றார். கதையை இங்கேயே நிறுத்திவிடுவது நமக்குப் பிடிக்கும். ஆனால் மறு ஆண்டே அவர் சீனாவுக்கு ஊழியம் செய்யப் போய் ஆசிரியரானார். 1945-இல், 43-ஆம் வயதில், ஜப்பானியரின் தடுப்பு முகாமில் நோயுற்று மாண்டார். பதக்கம் கிடைத்த பாதையும் முகாமில் முடிந்த பாதையும் அவருக்கு ஒன்றுதான். கூலிக்காக நடந்தவரல்லர் அவர், அன்பினால் நடந்தவர்.

வாசகர்களே! திருப்பித் தராத கடனோ, கேட்காத மன்னிப்போ, பேசாத உறவோ, நம் ஒவ்வொருவர் வீட்டுப் பின்புறத்திலும் ஓர் ஆடு கத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஜெபத்தை உரக்கச் சொல்லி அதன் சத்தத்தை அடக்க முடியாது. இந்த ஞாயிறு ஆலயத்துக்குப் புறப்படுமுன் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். பஸ் ஏற வேண்டியிருந்தால், ஏறிவிடுங்கள்.