161 பந்தில் 23 ரன்!

குட்டீஸ், உங்கள் தெரு கிரிக்கெட்டில் ஒருவன் 161 பந்து ஆடி, வெறும் 23 ரன் எடுத்தால் என்ன செய்வீர்கள்? "டேய், கட்டை போடாதேடா! பேட்டைக் கொடுத்துட்டுப் போ!" என்று கத்துவீர்கள்தானே?

ஆனால் இதே கணக்கில் ரன் எடுத்த ஒருவருக்காக இந்திய ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் ஹனுமா விஹாரி. அணி உணர்வு என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் ஆட்டம்தான்.

2021 ஜனவரி 11. ஆஸ்திரேலியாவின் சிட்னி மைதானம். டெஸ்ட் போட்டியின் கடைசி நாள். இந்தியா ஜெயிக்க 407 ரன் வேண்டும். தொடரில் ஆளுக்கு ஒரு வெற்றி. சிட்னியில் தோற்றால், தொடரை வெல்லும் வாய்ப்பே போய்விடும்.

நம் அணியோ பாதி ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது! முகமது ஷமி, உமேஷ் யாதவ் இருவரும் முந்தைய போட்டிகளிலேயே காயப்பட்டு விலகிவிட்டார்கள். ஜடேஜாவுக்குக் கட்டைவிரலில் பலத்த அடி. ரிஷப் பந்துக்கு முழங்கையில் வலி. அந்த வலியோடு அவர் 97 ரன் விளாசினார். புஜாரா 77 எடுத்தார். இருவரும் ஆட்டமிழந்தபோது 5 விக்கெட் போய், ஸ்கோர் 272.

அப்போது களத்தில் இருந்தவர்கள் விஹாரியும் நம்ம சென்னை அஷ்வினும். ஒரு ரன்னுக்காக வேகமாக ஓடியபோது விஹாரியின் தொடையின் பின்பக்கத் தசை பிடித்துக்கொண்டது. அவரால் ஓட முடியாது. அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவர் ஓடும் 'ரன்னர்' வழக்கத்தையும் 2011-லேயே எடுத்துவிட்டார்கள். அஷ்வினுக்கு முதுகுவலி. காலையில் குனிந்து ஷூ கயிறுகூடக் கட்ட முடியவில்லையாம்!

ஒருவரால் ஓட முடியாது, ஒருவரால் குனிய முடியாது. இனி ஜெயிக்க முடியாது. ஆனால் தோற்காமல் இருக்கலாம். அதற்கு ஒரே வழி, மாலை வரை ஆட்டமிழக்காமல் நிற்பது. பந்துகள் உடம்பில் பட்டன. வலித்தது. நின்றார்கள்.

விஹாரி ஆந்திராக்காரர். ஆனாலும் அவருக்குத் தமிழ் புரியும். மொத்தத்தையும் நினைத்துப் பயப்படாமல் பத்துப் பத்துப் பந்தாக ஆடலாம் என்று அஷ்வின் அவருக்குத் தமிழிலேயே தெம்பு சொன்னது, ஸ்டம்பில் இருந்த மைக் வழியாக டி.வி. பார்த்தவர்களுக்கும் கேட்டது. (ஆஸ்திரேலிய வீரர்கள் பாவம், ஒன்றும் புரிந்திருக்காது!)

இப்படியே மூன்று மணி நேரத்துக்கும் மேல், 250 பந்துகளுக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள். பெவிலியனில் ஜடேஜா, அடிபட்ட விரலோடு பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவைப்பட்டால் இறங்குவதற்காக! அவர் இறங்க வேண்டிய அவசியமே வரவில்லை. இந்தியா 5 விக்கெட்டுக்கு 334. ஆட்டம் டிரா. விஹாரி 23, அஷ்வின் 39. இருவரும் அவுட் இல்லை.

விஹாரி தன் பெயருக்குப் பக்கத்தில் பெரிய எண் வரவேண்டும் என்று நினைத்திருந்தால், மட்டையைச் சுழற்றியிருப்பார். இரண்டு பவுண்டரி கிடைத்திருக்கலாம். விக்கெட்டும் போயிருக்கலாம்.

அடுத்த போட்டி பிரிஸ்பேனில். காயத்தால் விஹாரி, அஷ்வின், ஜடேஜா, பும்ரா யாருமே ஆடவில்லை. வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்காக அணியோடு இருந்த இரண்டு தமிழக வீரர்களுக்கு அங்கே முதல் டெஸ்ட் வாய்ப்பு வந்தது. ஒருவர் வாஷிங்டன் சுந்தர். இன்னொருவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன். முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். இந்தியா 6 விக்கெட்டுக்கு 186 என்று தடுமாறியபோது, சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் சேர்ந்து 123 ரன் சேர்த்தார்கள்.

1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் எந்த டெஸ்டிலும் தோற்றதில்லை. அங்கே கடைசி நாளில் இந்தியா ஜெயித்து, தொடரை 2-1 என்று வென்றது.

பரிசளிப்பு முடிந்ததும் எல்லாரும் போட்டோவுக்குக் கூடினார்கள். கோப்பையை வாங்கிய கேப்டன் ரஹானே அதைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நேராகப் போய், வலைப்பயிற்சிக்காக வந்த நடராஜனின் கையில் கொடுத்தார்.