ஸ்டேன்ஸ் என்றால் என்ன அர்த்தம்?

திருப்பூர் பனியனுக்கு நூல் வேண்டும். நூலுக்கு மில் வேண்டும். கோவையில் முதன்முதலாக எழுந்த நூல் மில், 1888-ம் ஆண்டில் தொடங்கிய "கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்". இவ்வளவு நீளப் பெயரை யார் சொல்லிக் கொண்டிருப்பது? "ஸ்டேன்ஸ் மில்" என்று ஜனங்கள் சுருக்கிவிட்டார்கள்.

ஸ்டேன்ஸ் என்பது ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் பெயர். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? "கற்கள்"!

பழைய ஆங்கிலத்தில் கல்லுக்கு "ஸ்டான்" என்று பெயர். லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கரையில், கல்லால் பெயர் பெற்ற ஊர் ஒன்று இருக்கிறது. அதுதான் ஸ்டேன்ஸ். 1086-ம் ஆண்டு வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்கிலேயே அந்த ஊர் இடம் பெற்றிருக்கிறது.

ஊரும் தொழிலும்

அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு ஒற்றைப் பெயர்தான். ஒரே ஊரில் பத்து ஜான், பத்து வில்லியம்! வரி வாங்க வந்தவர் யாரை என்று தேடுவார்? அதனால் பெயரோடு ஊரையோ தொழிலையோ சேர்த்தார்கள். துணி நெய்தவர் "வெப்ஸ்டர்" ஆனார். கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு, மிதித்து மிதித்துக் கெட்டியாக்கியவர் "வாக்கர்" ஆனார். ஸ்டேன்ஸிலிருந்து வந்தவர் "ஸ்டேன்ஸ்" ஆனார்.

இது நமக்குப் புதிதல்ல. நாமக்கல்லும் கல்லால் பெயர் பெற்ற ஊர்தானே! மோகனூரில் பிறந்த ராமலிங்கம் பிள்ளையை "நாமக்கல் கவிஞர்" என்றுதான் நாடு அழைத்தது. ஆனால் நம் வழக்கத்தில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தே இனிஷியல். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். ஆங்கிலேயருக்கோ ஒட்டிய பெயர் பேரன், கொள்ளுப்பேரன் வரை விடாது.

17 வயதில் வந்தவர்

இந்தப் பெயரைக் கோவைக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. 1841-ல் பிறந்தவர். 1858-ல் கோவைக்கு வந்தபோது வயது பதினேழுதான். காப்பி வியாபாரத்தில் இறங்கினார். 1862-ல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். நூல் மில் அதற்குப் பிறகுதான் வந்தது. பிரிட்டிஷ் அரசு "சர்" பட்டம் கொடுத்தது. 1936-ல் அவர் காலமானார்.

மில் வந்தது பெரிய காரியம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் மில்கள் மளமளவென்று பெருகின. திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்து ஊர். 2009-ல்தான் தனி மாவட்டம் ஆனது. பனியன் தொழில் அங்கே வேரூன்ற, பக்கத்திலேயே நூல் கிடைத்தது எவ்வளவு பெரிய வசதி!

கோவை அவினாசி ரோட்டில் ஸ்டேன்ஸ் பள்ளி இன்றும் நடக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் அந்த ஊர்க்காரர்கள் இப்போது நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுகிறார்கள். 2012-ல் "தேம்ஸ் நதிக்கரை" என்பதையும் ஊர்ப்பெயரோடு சேர்த்துக் கொண்டார்கள். கோவைப் பள்ளியின் பலகையிலோ, 1086-ம் ஆண்டுக் கணக்கில் எழுதிய அதே எழுத்துக்கள்தான்!